உள்ளங்கையில் ஓடிய மஞ்சள் கோடு

என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் மாட்டு வண்டியிலிருந்து முதலில் இறங்கியவர் வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். பள்ளிப்பட்டில் எங்கள் தெரு முழுக்கத் தறிச்சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த அம்மாள் இறங்கியதும் பக்கத்து வீடுகளில் ஒன்றிரண்டு தறிகள் நின்றன. தாலி அறுத்தவள் பெண் பார்க்க வருவதாவது என்று என் அம்மா கதவோரம் நின்று முணுமுணுத்தாள். அது வந்தவர் காதில் விழுந்துவிட்டது.

"பெத்தவ நான்தானேம்மா. நான் பாக்காம வேற யார் பாக்கறது?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். ஆண்களுக்கு விரித்திருந்த பாயிலேயே ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

பின்னாளில் அவர்தான் என் மாமியார். அத்தை என்று கூப்பிடுவேன். ஊர் அவரை வாயாடி என்றது, பிடிவாதக்காரி என்றது, ஒரு கட்டத்தில் சூனியக்காரி என்றும் சொன்னது. எதையும் அவர் மறுத்ததில்லை. "அப்படியே இருந்துட்டுப் போறேன்" என்பார்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் திண்டாட்டம். அப்படிப்பட்ட நாளில் திருத்தணிக் கடைத்தெருவில் நெய் மண்டி வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வரன் வந்தால் எந்தத் தகப்பனுக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? என் நைனா வாய்கொள்ளாச் சிரிப்போடு நின்றிருந்தார். மாப்பிள்ளையின் தாத்தாவான பெரியவரும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அவருடைய கையைப் பிடித்துத் திருப்பி நைனாவிடம் காட்டினார்.

"எங்க பையன் கையப் பாருங்க. தங்க ரேகை. எங்க வம்சத்து ஆம்பளைங்களுக்குத்தான் இது ஓடும். ஜோசியரே பாத்துட்டு அசந்து போயிட்டாரு. லட்சுமி வந்து குந்திக்கினு இருக்கற கையின்னு சொன்னாரு."

கதவிடுக்கு வழியாக நானும் பார்த்தேன். உள்ளங்கை ரேகைகளின் பள்ளத்தில், மஞ்சள் குழைத்துத் தடவியதுபோல ஒரு நிறம் ஓடியது. தெருக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்து வியந்தார்கள்.

அத்தை பேசினார். "அது தங்கம் இல்லீங்க. நெய்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் நைனாவைப் பார்த்துச் சொன்னார்: "என் வீட்டுக்காரருக்கு இதே கோடு இருந்துச்சு. அவங்க அண்ணனுக்கும் இருந்துச்சு. ரெண்டு பேரும் நாப்பது வயசப் பாக்கல. எங்க வீட்டுக்காரரு நெய் நிறுத்துக்கினு இருந்தாரு, நெஞ்சப் புடிச்சிக்கினு தராசு மேலயே சாஞ்சிட்டாரு. இப்ப என் பையனுக்கும் வந்திருக்குது. நான் அவன விட மாட்டேன். ஆனா சொல்லாம கட்டி வெச்சா அது மோசம் பண்ணதாயிடும். உங்க பொண்ணு தெரிஞ்சிக்கினு வரட்டும்."

பெரியவரின் முகம் கறுத்துவிட்டது. சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். நைனா தாம்பூலத் தட்டைத் திரும்ப உள்ளே எடுத்துப் போகச் சொன்னார். அதற்கு முன்பு என்னைப் பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒருவனுக்குக் காக்காய் வலிப்பு. இன்னொருவனுக்கு ஆர்.கே.பேட்டையில் ஏற்கெனவே ஒரு மனைவி. எல்லாவற்றையும் மற்றவர்கள் மூலமாகத்தான் தெரிந்துகொண்டோம். எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து உண்மையைச் சொன்ன முதல் ஆள் இந்த அம்மாள்தான் என்று எனக்குப் பட்டது. கதவுக்குப் பின்னாலிருந்தே சொன்னேன்.

"நைனா, எனக்குச் சம்மதம்."

நைனா என்னோடு பல நாள் பேசவில்லை, ஆனாலும் கல்யாணத்தை நடத்திவைத்தார். அன்று கிளம்பும்போது அத்தை உள்ளே வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "உனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

யாரைப் பார்த்தாலும் அவர் கையைத்தான் முதலில் பார்ப்பார். வெண்ணெய் கொண்டுவரும் கிராமத்து ஆட்கள், காவடி எடுத்து வருகிறவர்கள், தபால்காரர் என்று ஒருவரையும் விட்டதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கையைப் பிடித்துத் திருப்பிவிடுவார். கைரேகை பார்க்கிறார் என்று நினைத்து, "எனக்கு எப்பம்மா விடியும்?" என்று கேட்டவர்களும் உண்டு. "உனக்கு நல்லாத்தான் இருக்குது, போ" என்பார்.

நான் வாழ வந்த வீட்டின் முன்பகுதி மண்டி. பின்பகுதியில் வெண்ணெய் உருக்கும் அடுப்புகள். நடுவில் நாங்கள். சுவரைத் தொட்டால் கையில் பிசுக்கு ஒட்டும். சோறு என்று அந்த வீட்டில் சொன்னால், நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினதுதான் சோறு. ஊற்றாமல் பரிமாறினால் சாப்பிட உட்கார்ந்தவரை அவமதித்ததாக அர்த்தம். என் கணவருக்கு மட்டும் அத்தை ஊற்ற மாட்டார். பெரியவர் ஊற்றச் சொல்வார். அத்தை கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஒவ்வொரு வேளையும் இந்தச் சண்டை நடந்தது.

"நானும் பொறந்ததுல இருந்து இதத்தான் தின்னுகினு இருக்கேன். எனக்கு இன்னா ஆயிப்போச்சு?" என்று பெரியவர் கேட்பார். எழுபது தாண்டியவர். நெய் டின்னைத் தோளில் தூக்குகிற உடம்பு.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல மாமா. உங்க புள்ளைங்களுக்கு ஆச்சே" என்பார் அத்தை. அதற்கு மேல் பெரியவரால் சாப்பிட முடியாது. எழுந்து போய்விடுவார். ஒரு தகப்பனிடம் இப்படியா பேசுவது என்று எனக்கு அப்போது தோன்றும். ஆனால் அத்தை சொன்ன பிள்ளைகளில் ஒருவர் அவருடைய கணவர். அதை அந்த வீட்டில் எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

ஊர் வைத்தியரிடம் முதலில் போனோம். அவர் நாடி பார்த்துவிட்டு, ரத்தத்தில் உஷ்ணம் என்று சொல்லி ஒரு லேகியம் கொடுத்தார். அத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இத எதுல கிண்டுனீங்க?"

"பசு நெய்யிலதான். வேற எதுல கிண்டறது?"

"அப்ப நீங்களே சாப்பிடுங்க" என்று அவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு வந்தார்.

அதற்கப்புறம்தான் ஸ்டேஷன் பக்கம் புதிதாக வந்திருந்த டாக்டரிடம் போனது. விதவை ஒருத்தி கடைத்தெரு நடுவில் மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு நடந்து போவதைப் பார்க்க மண்டிகளின் வாசலில் எல்லாம் ஆட்கள் நின்றார்கள். அத்தை ஓரமாக நடக்கவில்லை. தெருவின் நடுவில் நடந்தார்.

டாக்டர் என் கணவரின் கையைப் பார்த்தார். முழங்கையைத் தூக்கிப் பார்த்தார். அங்கேயும் சின்னச் சின்னதாக மஞ்சள் கட்டிகள் இருந்தன. ஊசி போட்டு ரத்தம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மத்தியானமாக வரச் சொன்னார். போனபோது குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ரத்தம் கீழே உறைந்திருந்தது. மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர், தண்ணீர் கலந்த மோர்போலக் கலங்கலாக இருந்தது.

"இன்னா டாக்டர் இது, பாலா?"

"கொழுப்புங்க. இவரோட ரத்தத்துல கொழுப்பு கரையாம நிக்குது. அது ரத்தக் குழாயில போய்ப் படிஞ்சிக்கிட்டே இருக்கும். நெஞ்சுக்குப் போற குழாய்ல படிஞ்சா அடைச்சிடும். உங்க வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆயிருக்கணும்."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் எதையாவது பிடித்துக்கொண்டு நின்று நான் பார்த்தது அப்போதுதான். பல வருஷமாகத் தான் ஒருத்தி மட்டுமே சொல்லிக்கொண்டிருந்ததை இன்னொருவர் வாய்விட்டுச் சொன்னதும் அவருக்குத் தாங்கவில்லை.

"மருந்து குடுங்க."

"இதுக்குன்னு மருந்து என்கிட்ட இல்லம்மா. வேற எங்கயும் இருக்கறதா எனக்குத் தெரியல. நெய், வெண்ணெய், பொரிச்சது எல்லாத்தையும் நிறுத்துங்க. நல்லா நடக்க வைங்க. கீரை, காய் நெறைய குடுங்க."

"கீரைய அரைச்சுச் சாறா குடுக்கலாமா? மலையடிவாரத்துல பச்சில விக்கற பொம்பளைங்க சொல்றாங்க, முருங்கயும் கறிவேப்பிலயும் கொழுப்பக் கரைக்குமாம்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "அதப் பத்தி எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ண நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். சாப்பிடற கீரைதானே. குடுங்க. ஆனா அத நம்பி நெய்ய மறுபடி ஆரம்பிச்சிடாதீங்க. சில மாசம் கழிச்சு வாங்க, திரும்பவும் ரத்தம் எடுத்துப் பாக்கலாம்."

வெளியே வந்ததும் அத்தை சொன்னார்: "தெரியாதுன்னு சொன்னான் பாரு. இவன்கிட்ட வரலாம்."

சாற்றை முதலில் தானே குடித்துப் பார்த்தார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, தலை சுற்றுகிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டுத்தான் மகனுக்குக் கொடுத்தார். விடிந்ததும் முருங்கை இலையை உருவி, கறிவேப்பிலையும் சேர்த்து அலசி, அம்மியில் தண்ணீர் தெளித்து மைய அரைப்பார். சந்தையில் வெந்தயக் கீரை கிடைத்த நாளில் அதுவும் சேரும். மெல்லிய துணியில் கட்டிப் பிழிந்தால் கரும்பச்சையாக ஒரு டம்ளர் வரும். மிளகுத்தூளும் கல் உப்பும் ஒரு சிட்டிகை போட்டு நீட்டுவார். என் கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினால்தான் அத்தை நகருவார். பிறகு மலைப்படி ஏறி இறங்கிவிட்டு வரவேண்டும். சாமி கும்பிட்டாலும் சரி, கும்பிடாவிட்டாலும் சரி, ஏறவேண்டும்.

"சாமிக்காகப் போறவன் நாளைக்குப் போலாம்னு நின்னுடுவான். நீ உனக்காகப் போ" என்பார்.

முருங்கை இலைக்குத் தினம் யாரிடம் போய் நிற்பது என்று, நடுவதற்கு வெட்டிய கிளை ஒன்றை, போத்து என்பார்கள், வாங்கி வந்து மண்டி வாசலிலேயே நட்டார். பின்புறம் முழுக்க அடுப்பும் விறகும். வேறு இடம் இல்லை. வீட்டு வாசலில் முருங்கை வைத்தால் பேய் வரும் என்று ஊரே சொன்னது. பெரியவர் ஆள் வைத்துப் பிடுங்கிப் போட்டார். அத்தை இன்னொரு போத்து நட்டார். அதையும் பிடுங்கினார். மூன்றாவதை நட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே முறத்தைப் போட்டுக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்தார். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அது தழைத்துவிட்டது.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் நல்லவர்தான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். "இன்னா அண்ணி, நம்ம வூட்டுப் பையன ஆடு மாதிரி தழை தின்ன வெச்சிட்டீங்களே. நாளைக்குக் கட்டுத்தறியில கட்டிடுவீங்களா?" என்பார். அவர் கையிலும் அந்தக் கோடு உண்டு. அத்தை அவருக்கும் ஒரு டம்ளர் பிழிந்து வைப்பார். அவர் அதை மண்டி வாசலில் இருக்கும் அந்த முருங்கைக்கே ஊற்றிவிட்டுப் போவார்.

சில மாதங்களில் என் கணவரின் உள்ளங்கை வெளுக்க ஆரம்பித்தது. முதலில் எனக்குத்தான் தெரிந்தது. மஞ்சள் மங்கி, பிறகு ஓரங்களில் மட்டும் நின்று, ஒரு நாள் வெறும் ரேகை மட்டும் மிஞ்சியது. முழங்கைக் கட்டிகளும் அமுங்கிவிட்டன. டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்து வைத்தார். இந்தத் தடவை மேலே நின்ற நீர் தெளிவாக இருந்தது. குழாய்க்கு அந்தப் பக்கம் அவர் விரல் தெரிந்தது.

"எதனால கொறைஞ்சுதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. நெய்ய நிறுத்துனீங்க, நடக்க வெச்சீங்க, சாறு குடுத்தீங்க. எதையும் விட்டுடாதீங்க" என்றார்.

"ஆங்" என்று தலையாட்டினார் அத்தை. வெளியே வந்ததும் என்னிடம், "சாறுதான்" என்றார். அந்த விஷயத்தில் அவரோடு யாரும் வாதாட முடியாது. நானும் வாதாடவில்லை. டாக்டர் சொன்னதுதான் சரி என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். பெரியவர் பேரனின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழிச்சிட்டியா? தலமொறயா வந்த லட்சுமிய அழிச்சிட்டியா?"

அந்த வருஷம் மண்டியில் வியாபாரம் படுத்திருந்தது. சண்டைக் காலம், வனஸ்பதி மலிவாக வந்துகொண்டிருந்தது. நெய் வாங்க யாருக்கும் வக்கில்லை. ஆனால் பெரியவருக்கு அந்தக் காரணமெல்லாம் மறந்து போயிற்று. கோடு அழிந்தது, கடை படுத்தது என்று முடிச்சுப் போட்டுவிட்டார்.

அத்தை நிமிர்ந்து நின்று சொன்னார்: "லட்சுமி போனா திரும்பி வருவா மாமா. உங்க புள்ளைங்க வந்தாங்களா?"

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. நெய் மண்டிக்காரன் பேரனே நெய்யைத் தொடுவதில்லையாம், இலைச்சாறு குடிக்கிறானாம், அப்படியென்றால் அந்த நெய்யில் என்னவோ கலந்திருக்கிறார்கள் என்று. அரக்கோணத்து வியாபாரி ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த நெய்யில் கலப்படம் எதுவும் கிடையாது. பெரியவர் தொழிலில் சுத்தமானவர். அதனாலேயே அவருக்கு அது பொறுக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் நிரம்பியிருந்தது. காவடிக்காரர்கள் பொய்கையில் முழுகிவிட்டுக் கூட்டம் கூட்டமாக மலை ஏறிக்கொண்டிருந்தார்கள். மண்டி வாசலில் பந்தல் போட்டு அன்னதானம். வியாபாரிகள், கிராமத்து ஆட்கள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் என் கணவரை நடுவில் உட்கார வைத்தார். சோற்றில் அவரே குழி பறித்தார். பெரிய கரண்டியில் நெய்யை மொண்டு கொண்டுவந்தார்.

"எல்லாரும் பாக்கட்டும். சாப்பிடுடா. ஒரு கரண்டி. நம்ம நெய்ய நீயே தின்னலன்னா ஊர்ல எவன் வாங்குவான்?"

என் கணவர் அம்மாவைப் பார்த்தார். ஒரு கரண்டி நெய்யால் எதுவும் ஆகிவிடாது. அது எனக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். ஆனால் இன்றைக்கு ஒன்று என்றால் நாளைக்கு இன்னொரு விசேஷம், இன்னொரு வியாபாரி. அத்தை பந்திக்கு நடுவில் வந்து மகனின் இலையை அப்படியே மடித்துவிட்டார்.

பெரியவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"இந்த வூட்ல இருக்கறவன் இந்த வூட்டு நெய்ய சாப்பிடணும். இல்லன்னா வெளிய போவணும்."

"சரிங்க மாமா" என்றார் அத்தை. "எந்திருடா. வாம்மா, கிளம்பலாம்."

அவ்வளவுதான். துணிமணி மூட்டை, அம்மிக்குழவி. அம்மிக்கல்லைத் தூக்க முடியாததால் குழவியை மட்டும் எடுத்துக்கொண்டார். மலையிலிருந்து இறங்கி வந்த கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு நாங்கள் நடந்தோம். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். பயமாகத்தான் இருந்தது. அத்தையைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் இல்லை. "மூட்டைய இங்க குடு, நீ தூக்காத" என்றார்.

ஊருக்கு வெளியே ஓட்டு வீடு ஒன்றில் குடியிருந்தோம். என் நைனா கோபத்தை விட்டுவிட்டு மருமகனைக் கூப்பிட்டனுப்பினார். பள்ளிப்பட்டில் நெய்த சேலைகளை அரக்கோணத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, நூல் கட்டு வாங்கி வரும் வேலை. கஷ்டம் இருந்தது. பண்டிகைக்குக்கூடப் புதுத்துணி இல்லாத வருஷங்கள் அவை. ஆனால் காலையில் அந்தக் கரும்பச்சை டம்ளர் நின்றதில்லை. எனக்குப் பிறந்த மகனின் கையை அத்தை பிறந்த அன்றே விரித்துப் பார்த்தார். "இப்ப தெரியாது. வளந்தப்புறம் பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடைத்தெருவில் சித்தப்பாவை எதிரில் பார்த்தால் விடமாட்டார். எல்லார் எதிரிலும் கையைப் பிடித்துத் திருப்புவார். "கோடு தடிச்சிருக்குது பாரு. வந்து குடிச்சிட்டுப் போ. யாருக்கும் தெரிய வேணாம்." அவர் சிரித்துக்கொண்டே கையை உருவிக்கொள்வார். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையும் தொரத்திடுவாரு அண்ணி." ஒரு தடவை மட்டும் சிரிக்காமல், "வேகமா நடந்தா இங்க புடிக்குது அண்ணி" என்று மார்பைத் தொட்டுக் காட்டினார். அத்தை அவரைக் கையைப் பிடித்தே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். நெய்யை நிறுத்தச் சொன்னார் டாக்டர். வீட்டில் எப்படி நிறுத்துவது என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. தகப்பனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். வெண்ணெய் உருக்கும் அடுப்பின் பக்கத்திலேயே.

செய்தி வந்ததும் அத்தை கிளம்பினார். கூப்பிடாத வீட்டுக்குப் போகலாமா என்று நான் கேட்டதற்கு, "சாவுக்கு யார் கூப்புடுவாங்க?" என்றார். அங்கே போய்ச் சித்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தன் கணவர் செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை என்று உறவுக்காரப் பெண்கள் சொன்னார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சித்தப்பாவின் இரண்டு பையன்களையும் பக்கத்தில் இழுத்துக் கைகளை விரித்துப் பார்த்தார்.

"இன்னும் வரல" என்றார் சித்தியிடம். "இப்பவே ஆரம்பிச்சிட்டா வராது."

கூடியிருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். பிணத்தைத் தூக்குவதற்குள் பிள்ளைகளின் கையைப் பார்க்கிறாள், இவள் கண் பட்டுத்தான் அவன் போனான் என்றார்கள். அன்றைக்குத்தான் சூனியக்காரி என்ற பெயர் வந்தது. எனக்குமே அப்போது கூச்சமாக இருந்தது. பெரியவர் மட்டும் மூன்றாவது மகனின் காலருகில் உட்கார்ந்து, அவருடைய விரிந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து ஒரு காலையில் பெரியவர் எங்கள் ஓட்டு வீட்டுக்கு வந்தார். தனியாக நடந்து வந்திருந்தார். டின் தூக்கிய தோள் சரிந்திருந்தது. அத்தை இலை அரைத்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார், ஆனால் முன்னால் வரவில்லை.

"வூட்டுக்கு வாம்மா."

"எந்த வூட்டுக்கு மாமா?"

"நம்ம வூட்டுக்குத்தான்."

"நீங்கதானே வெளிய போவச் சொன்னீங்க."

"ஆங். நான்தான் சொன்னேன்."

உள்ளே என் குழந்தை அழுதது. நான் எடுக்கப் போகவில்லை. அத்தை இறங்கிப்போய்விடுவாரோ என்று எனக்குத் தோன்றியது. அவர் இறங்கவில்லை.

"அடுப்ப என் கையில குடுப்பீங்களா?"

"எடுத்துக்கோ."

"மண்டியில நீங்க இன்னா வேணா விக்கலாம். அது உங்க தொழிலு, நான் கேக்க மாட்டேன். சமையக்கட்டுக்குள்ள அது வரக்கூடாது. சின்னவனோட பசங்க ரெண்டு பேரும் நான் குடுக்கறதக் குடிக்கணும். நீங்க நடுவுல பேசக்கூடாது."

"பேசல."

"ஊர்ல வியாபாரத்தப் பத்தி எவனாவது பேசினா?"

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேசட்டும்மா. நான் யாருக்காக யாவாரம் பண்றேன் இனிமே?"

நாங்கள் திரும்பிப் போனோம். என் கணவர் தன் தகப்பனார் வயதைத் தாண்டினார். சித்தப்பாவின் வயதைத் தாண்டினார். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாள் அன்று அத்தை உயிரோடு இருந்தார். அன்றைக்கும் சாறுதான், பாயசம் கிடையாது. சித்தப்பாவின் மூத்த பையனுக்கு இருபது தாண்டியதும் லேசாக மஞ்சள் எட்டிப் பார்த்தது. ஆனால் தடிக்கவில்லை. அத்தை கடைசியில் ஒரு விஷக் காய்ச்சலில் போனார். படுக்கையில் கிடந்தபோது கஞ்சி கொடுக்க வந்தவளின் கையையும் திருப்பிப் பார்த்தார்.

அத்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வருவது, நாங்கள் திரும்பிப் போன அன்று மத்தியானம் நடந்த சாப்பாடு. பெரியவர், என் கணவர், சித்தப்பாவின் இரண்டு பையன்கள். நான்கு இலை. கீரைக் கூட்டும் பருப்பும் அத்தை சமையல். எல்லாருக்கும் சோறு போட்டாயிற்று. அத்தை விறுவிறுவென்று மண்டிப் பக்கம் போனார். ஒரு சின்னக் கிண்ணத்தில் நெய்யோடு வந்தார். பையன்கள் விழித்தார்கள். அத்தை பெரியவர் இலைக்கு எதிரில் குனிந்தார்.

"உங்களுக்கு நான் எப்பவும் வேணாம்னு சொன்னதில்ல மாமா. உங்க ஒடம்பு தாங்கும். ஊத்தட்டுமா?"

பெரியவர் இரண்டு கைகளாலும் சோற்றை மூடிக்கொண்டார்.

"வேணாம்."

"ஏன் மாமா?"

"பசங்க பாக்குதுங்க."

வைத்தியரிடமும் பந்தி நிறைய உட்கார்ந்திருந்த ஊரிடமும் எதிர்த்துப் பேசிய அத்தை, கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே குனிந்து நின்றார். பெரியவர் சோற்றைப் பருப்போடு பிசைந்தார். ஒரு வாய் எடுத்துத் தின்றார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, "சாப்பிடுங்கடா, ஆறிப்போவுது" என்றார்.